எம்டன் பார்த்த கோணம்

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம். காசிமேட்டுப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுசாகப் பதில் சொல்லி முடிக்கவில்லை. பலகையில் கணக்கு இருந்தது. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைப்புள்ளிகளும் கொடுக்கப்பட்டுள்ளன. ஒரு முனையில் உள்ள கோணத்தைக் காண்க. பையன் பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னா சார் இது? மூணு முனையையும் அவனே குடுக்குறான். கோணத்த மட்டும் நம்மாண்ட கேக்குறான். முனை தெரிஞ்சவனுக்குக் கோணம் தெரியாதா?"

தெரியாதப்பா என்றேன். நம்பவில்லை. முனைகளை எல்லாம் இஞ்ச் சுத்தமாக அளந்து கையில் வைத்துக்கொண்டு, கோணத்தைக் கோட்டை விட்டவர்கள் இதே ஊரில் இருந்திருக்கிறார்கள். ஒரு சர்க்காரே கோட்டை விட்டது. அதுவும் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டே. அந்தக் கதையைச் சொன்னேன். அன்றைக்கு ட்யூஷன் முடிய ராத்திரி ஒன்பதரை ஆனது. அந்த நேரத்துக்கும் இந்தக் கதையில் ஒரு வேலை இருக்கிறது.

லாம்ப்டன் என்று ஒரு வெள்ளைக்காரர். முழுப்பெயர் வில்லியம் லாம்ப்டன், முப்பத்து மூன்றாம் படைப்பிரிவு. கூச்ச சுபாவம், கணக்குப் பைத்தியம். 1799-ல் திப்புவோடு நடந்த கடைசிப் போரில் இவர் இருந்த படை ஒரு ராத்திரி தெற்கே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, மிடுக்காக அணிவகுத்து, வடக்கே திப்புவின் ஆட்கள் இருந்த பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. லாம்ப்டன் அண்ணாந்து பார்த்தார். சப்தரிஷி மண்டலம் முதுகுக்குப் பின்னால் இருப்பதற்குப் பதில் முகத்துக்கு நேரே இருந்தது. ஜெனரல் பெய்ர்டிடம் போய், ஐயா, நாம் எதிரி வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிப் படையைத் திருப்பினார். நட்சத்திரம் பார்த்து உயிர் பிழைத்தவனுக்கு அப்புறம் நிலத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? தென்னிந்தியாவைக் குறுக்கும் நெடுக்குமாக முக்கோணம் போட்டு அளக்கிறேன் என்று கம்பெனியிடம் மனுப் போட்டார்.

கம்பெனியின் நிதிக் கமிட்டிக்காரர் ஒருவருக்கு இது சுத்த வெட்டிச் செலவாகப் பட்டது. ஒருத்தன் சீரங்கப்பட்டணம் போகவேண்டும் என்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா, அதற்கு எதற்கய்யா வரைபடம் என்று கேட்டார். யோசித்தால் நியாயமான கேள்விதான். இன்றைக்கும் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி ஷேர் ஆட்டோக்காரரிடம் போகிற இடத்தைச் சொன்னால் போதும். அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அவர் கேட்கமாட்டார்.

ஆனாலும் அனுமதி கிடைத்தது. அளப்பதற்குச் சங்கிலி வேண்டும். அப்போது கிடைத்த நூறடி எஃகுச் சங்கிலிக்கு ஒரு பூர்வகதை உண்டு. மெக்கார்ட்னி பிரபு சீனாவுக்குத் தூது போனபோது சக்கரவர்த்திக்குக் காட்டி அசத்தலாம் என்று கொண்டுபோன சாமான்களில் அது ஒன்று. சக்கரவர்த்தி அதைச் சீந்தவில்லை. சீனாக்காரர் வேண்டாம் என்று தள்ளிய சீர் வரிசை கை மாறிக் கை மாறி சென்னைக்கு வந்து சேர்ந்தது. அடுத்தது கோணம் அளக்கிற கருவி, தியோடலைட். லண்டனில் கேரி என்பவர் செய்தது, அரை டன் எடை. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் பிடித்து மொரிஷியஸுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பீரங்கி இல்லை, தங்கம் இல்லை, கோணம் அளக்கிற ஒரு பித்தளைப் பூதம். விஞ்ஞானச் சாமான் ஆயிற்றே என்று மரியாதையாகச் சென்னைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரிக்குக் கோணமானியைத் திருப்பிக் கொடுத்த கண்ணியவான்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள். கடலில் எதிரி மரியாதையாக நடந்துகொள்வது இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரும்.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிறு போட்டுத் தைத்த மசூலா படகுகள் அலைக்கு மேல் ஏறி இறங்கிச் சரக்கையும் சீமாட்டிகளையும் கரை சேர்க்கும். ஆணி கிடையாது, அலை மோதினால் பலகை வளைந்துகொடுக்கும். அந்தப் படகுகளில் ஒன்றில்தான் அரை டன் தியோடலைட்டும் வந்து இறங்கியிருக்க வேண்டும். நம் பக்கத்துப் படகோட்டிகள் அதைத் தூக்கும்போது என்ன வாழ்த்து வாழ்த்தியிருப்பார்கள் என்பதை ராயபுரம் பாஷை தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும். அச்சில் போட முடியாது.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் ஆரம்பித்துப் பெரும்பாக்கம் குன்று பக்கம் வரை, ஏழரை மைல் நேர்கோடு. சீனச் சங்கிலியை நீட்டி, வெயிலில் எஃகு எவ்வளவு நீளுகிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்து, மறுபடி நீட்டி, மறுபடி பார்த்து, ஐம்பத்தேழு நாள். அக்கினி நட்சத்திரத்தையும் சேர்த்துத்தான். ஏழரைச் சனி என்பார்கள். லாம்ப்டனுக்கு ஏழரை மைல்.

அந்த ஒரு பக்கம் கிடைத்ததும் மிச்சமெல்லாம் கோணம். கோட்டின் இரண்டு முனையிலும் தியோடலைட்டை நிறுத்தித் தூரத்தில் தெரிகிற ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், கால் வைக்காமலே அந்தக் குன்றின் தூரம் கணக்கில் வந்துவிடும். அந்தத் தூரம் அடுத்த முக்கோணத்துக்குப் பக்கம். அதிலிருந்து அடுத்தது. இப்படி ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறிக் கன்னியாகுமரி வரைக்கும், பிற்பாடு இமயமலை வரைக்கும் போனது அந்த முக்கோணச் சங்கிலி. நடுவில் 1808-ல் தஞ்சாவூரில் மட்டும் பெருவுடையார் கணக்கு வாங்கிவிட்டார். கோயில் உச்சிக்கு இழுத்து ஏற்றும்போது கயிறு அறுந்து தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. பிரெஞ்சுக்காரன் சேதப்படுத்தாமல் அனுப்பியதை நம்மூர்க் கயிறு முடித்துவைத்தது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டிக் கொட்டி அதை மறுபடி வட்டமாக்கினார்.

கவனியுங்கள். லாம்ப்டன் கோணத்தை அளந்து முனையைக் கண்டுபிடித்தார். பையனின் கணக்கு அதைத் தலைகீழாகப் போட்டது: முனையைக் கொடுத்துவிட்டுக் கோணத்தைக் கேட்கிறது. அந்தத் தலைகீழ்க் கணக்கை நூற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து சென்னைக் கடலில் ஒருத்தர் போட்டார்.

அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது. லாம்ப்டன் 1823-ல் அளந்துகொண்டே செத்துப்போனார். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் விட்டார்கள். துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள், 1881-ல் புயல் வந்து பாதியைக் கொண்டுபோனது, திரும்பக் கட்டினார்கள். கலங்கரை விளக்கத்தையும் இரண்டு தடவை இடம் மாற்றினார்கள். முதலில், 1796-ல், கோட்டைக்குள் ஒரு மாடியின் மேல் வைத்திருந்தார்கள். 1844-ல் பாரிமுனைப் பக்கம் தனியாக ஒரு தூண் கட்டி ஏற்றினார்கள். பிறகு உயர் நீதிமன்றம் எழும்பியதும், இதைவிட உயரம் எங்கே கிடைக்கப்போகிறது என்று 1894-ல் அதன் கோபுரக் கலசத்திலேயே விளக்கை வைத்துவிட்டார்கள். கீழே நீதி, மேலே ஒளி. கீழே இருந்ததாவது வக்கீல் ஃபீஸ் கேட்கும். மேலே இருந்தது வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காமல், வங்கக் கடலில் யார் வந்தாலும் இலவசமாக வழி காட்டியது.

யார் வந்தாலும்.

1914 ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை, பிரிட்டன் ஜெர்மனியோடு போரில் இறங்கியது. செப்டம்பர் 10-லிருந்து எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மூழ்கடிக்க ஆரம்பித்தது. கேப்டன் பெயர் கார்ல் வான் முல்லர். மூன்று புகைபோக்கி இருந்த கப்பலுக்கு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிவிட்டு, தூரத்திலிருந்து பார்க்கிறவன் பிரிட்டிஷ் கப்பல் என்று ஏமாறும்படி செய்து திரிந்தார். பிடித்த கப்பலில் இருந்தவர்களை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுப் பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். அந்த மரியாதைக்கு எதிரிப் பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்தன. அவரிடம் லாட்டர்பாக் என்று ஒரு அதிகாரி இருந்தார். போருக்கு முன் கிழக்கு ஆசியக் கடலில் வணிகக் கப்பல் ஓட்டியவர், பீப்பாய் மாதிரி உடம்பு, எந்தத் துறைமுகத்தில் எது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்.

எம்டன் வங்கக் கடலில் சுற்றுகிற சேதி செப்டம்பர் நடுவிலேயே கரைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சாதாரண குடும்பஸ்தன் என்ன செய்வான்? தெருவில் திருடன் சுற்றுகிறான் என்றால் வாசல் விளக்கை அணைக்கிறானோ இல்லையோ, தாழ்ப்பாளாவது போடுவான். சென்னை சர்க்கார் இரண்டையும் செய்யவில்லை. உயர் நீதிமன்றத்தின் மேலே விளக்கு கால தாமதமின்றி, ஒத்திவைப்பு இன்றி எரிந்தது. அந்தக் கட்டடத்தில் வாய்தா வாங்காத ஒரே ஆசாமி அதுதான்.

கடற்கரை எங்கே வளைகிறது, விளக்கு எங்கே நிற்கிறது, துறைமுகச் சுவர் எங்கே முடிகிறது என்பதெல்லாம் கடல் வரைபடத்தில் அச்சாகி, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்த காலம். லாம்ப்டன் வழியில் வந்தவர்கள் நூறு வருஷம் வெயிலில் நின்று, காட்டுக் காய்ச்சலில் விழுந்து, கோயில் கோபுரங்களில் ஏறி இறங்கி, இந்தியாவின் ஒவ்வொரு முனையையும் துல்லியமாக நிறுத்தி வைத்தார்கள். செலவு முழுக்கப் பிரிட்டிஷ் கணக்கில், அதாவது நம் கணக்கில். உபயோகம் ஜெர்மன்காரருக்கு.

1914 செப்டம்பர் 22. அதுவும் செவ்வாய்தான், போர் தொடங்கிச் சரியாக ஏழு வாரம். செவ்வாயோ வெறுவாயோ என்று நம் பாட்டிமார் சொல்வதை கவர்னர் மாளிகையில் யாரும் கேட்டிருக்கவில்லை. ராத்திரி சுமார் ஒன்பதரை மணி. முல்லர் ஏறக்குறைய மூவாயிரம் கஜம் வரைக்கும் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டார். துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் வெளிச்சத்தில் பளிச்சென்று நின்றன. பத்து நிமிஷம். நூற்றுக்கும் மேல் குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. நின்றுகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலில் அடிபட்டு உயிர்ச்சேதம். ஒரு குண்டு உயர் நீதிமன்ற மதிலில் விழுந்தது. விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், இன்றும் போய்ப் பார்க்கலாம். வழி காட்டிய விளக்கின் வீட்டுக்கே ஒரு கல்லடி. கரையிலிருந்த பீரங்கிகள் தூக்கம் கலைந்து பதில் சொல்வதற்குள் முல்லர் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். இவர்கள் சுட்டது ஒன்றும் அவர் மேல் படவில்லை.

இங்கேதான் பையனின் கணக்கு வருகிறது. பலகையில் கிராஃப் போட்டேன். நிஜ அளவுகள் அல்ல. ட்யூஷன் வாத்தியாருக்கு உள்ள ஒரே கொள்கை விடை அழகாக வரவேண்டும் என்பதுதான். அதற்காகக் கடற்கரையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன். ஓர் அலகு ஆயிரம் கஜம். கலங்கரை விளக்கம் (0, 0). அதற்கு நேர் வடக்கே தொட்டி (0, 2). கப்பல் கிழக்கே கடலில் (3, 1). முதல் எண் கிழக்கே எவ்வளவு, இரண்டாவது வடக்கே எவ்வளவு. கேள்வி: கப்பலில் நிற்கிறவனுக்கு விளக்குக்கும் தொட்டிக்கும் இடையே எவ்வளவு கோணம்?

எங்கே கோணம் வேண்டுமோ அங்கே போய் நின்றுகொள். இதுதான் முதல் விதி, பாதிப் பேர் தப்பு விடுவதும் இங்கேதான். கரையில் நின்றுகொண்டு கப்பலின் கோணத்தைத் தேடுவார்கள். நீ முல்லர். கப்பலிலிருந்து விளக்குக்குப் போக மேற்கே 3, தெற்கே 1. அதாவது (-3, -1). தொட்டிக்குப் போக மேற்கே 3, வடக்கே 1. அதாவது (-3, 1). கிழக்கு எண்களை ஒன்றோடொன்று பெருக்கு: 9. வடக்கு எண்களைப் பெருக்கு: -1. கூட்டினால் 8. இதுதான் பாடப் புத்தகத்தில் புள்ளிப் பெருக்கம். இரண்டு தூரங்களும் பிதாகரஸ்படி 10-ன் வர்க்கமூலம், ஏறக்குறைய மூவாயிரத்து நூற்று அறுபது கஜம். அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் 10. எட்டைப் பத்தால் வகுத்தால் 0.8. கோணத்தின் கொசைன் 0.8 என்றால் கோணம் 36.87 டிகிரி. முடிந்தது.

"சார், சாய்வு வச்சே போடலாமே?" என்றது முன்வரிசை. முன்வரிசை எப்போதும் குறுக்கு வழி கேட்கும். போடலாம். விளக்கைப் பார்க்கும் கோட்டின் சாய்வு மூன்றில் ஒன்று. தொட்டியைப் பார்க்கும் கோட்டுக்கு அதே எண், கழித்தல் குறியோடு. வித்தியாசம் மூன்றில் இரண்டு. அதை, ஒன்றோடு இரண்டு சாய்வுகளின் பெருக்கலைக் கூட்டிய தொகையால் வகுக்கவேண்டும். கீழே எட்டில் ஒன்பது இல்லை, ஒன்பதில் எட்டு. தலைகீழாக எழுதுகிறவர்கள் எப்போதும் இருப்பதால் சொல்கிறேன். விடை நாலில் மூன்று. டேன்ஜென்ட் முக்கால் என்றாலும் அதே 36.87.

ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு இரண்டு வியாதி உண்டு. ஒன்று, விளக்கிலிருந்து தொட்டிக்குப் போகிற கரைக்கோடு நேர் வடக்கு. நேர் வடக்குக்குச் சாய்வு கிடையாது. பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லும். சென்னைக் கடற்கரை முழுக்க ஏறக்குறைய வடக்கு தெற்காகப் படுத்திருக்கிற ஊரில் அந்தச் சூத்திரத்தை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது. இரண்டாவது வியாதி மோசமானது. முல்லருக்குக் கிறுக்குப் பிடித்து, கரைக்கு ஐந்நூறு கஜம் வரை வந்துவிட்டார் என்று வை. கப்பல் இப்போது (½, 1). சாய்வுகள் 2, -2. வித்தியாசம் 4. கீழே 1-லிருந்து 4 போக -3. குறியைத் துடைத்துவிட்டு மூன்றில் நாலு என்று எழுதி, கோணம் 53.13 டிகிரி என்பான் முன்வரிசைக்காரன். படத்தைப் பார். கப்பல் கரையோரம் வந்துவிட்டது; விளக்கு இடது பக்கம் ஓடிவிட்டது, தொட்டி வலது பக்கம் ஓடிவிட்டது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டிய இடத்தில் 53 டிகிரி எங்கிருந்து வந்தது? புள்ளிப் பெருக்கத்தில் போடு. கால், அதிலிருந்து ஒன்று போக, கழித்தல் முக்கால். ஒன்றேகாலால் வகுத்தால் -0.6. கோணம் 126.87 டிகிரி. விரிகோணம். அந்தக் கழித்தல் குறியைத்தான் சாய்வுச் சூத்திரத்துக்காரன் துடைத்தான். கிடைத்ததும் போனதுமாகச் சேர்த்தால் 180; பாதி மார்க் போடலாமா என்று கேட்டார்கள். போடவில்லை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து காசிமேட்டான் மறுபடி கையைத் தூக்கினான். "சார், அவன்தான் லைட் அட்ச்சி நேர்லயே பாத்துட்டான்ல. அவனுக்கு இன்னாத்துக்குக் கணக்கு?"

மடக்கிவிட்டான். தேடுவிளக்கைப் போட்டுத் தொட்டியைக் கண்ணால் பார்த்துச் சுட்டவருக்குக் கொசைன் எதற்கு? ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்த இடத்துக்கு ராத்திரியில் வந்து சேருவதற்குத்தான் கோணம் வேண்டும். மாலுமிகள் செக்ஸ்டன்ட்டைப் படுக்கைவாட்டில் பிடித்து, கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களுக்கு இடையே கோணம் எடுப்பார்கள். அந்தக் கோணம் 36.87 என்றால் கப்பல் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு இடம் என்று சொல்ல முடியாது. ஒரே வட்டத்துண்டில் இருக்கிற கோணங்கள் எல்லாம் சமம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணுகிறோமே, அந்தத் தேற்றம் கடலில் மிதக்கிற இடம் இதுதான்: விளக்கையும் தொட்டியையும் தொட்டுக்கொண்டு கடல் பக்கம் வளைகிற ஒரு வட்ட வில் முழுக்க அதே கோணம்தான். மூன்றாவதாக ஒரு அடையாளம் கிடைத்து இன்னொரு கோணமும் எடுத்தால் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டுகிற இடத்தில் நீ. கோணம் கூடக் கூடக் கரை நெருங்குகிறது என்று அர்த்தம். இதற்கு மேல் கோணம் போனால் பாறை என்று வரைபடத்தில் குறித்துவைத்து அதன்படி ஓட்டுகிறவர்களும் உண்டு. முல்லர் அன்றைக்கு எந்த அடையாளங்களைப் பிடித்தாரோ, எரிகிற விளக்கு என்று ஒன்றை நம் சர்க்கார் தயாராக வைத்திருந்தது.

அடுத்த நாள் சென்னை மூட்டை கட்டியது. ரயிலில் இடம் இல்லை. மாட்டு வண்டி வாடகை என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல எனக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை; வெள்ளம் வந்தால் படகுக்காரர் கேட்கிற காசு பார்த்தவன் நான். பத்து நிமிஷச் சத்தம், அதற்கு அர்த்தம் கற்பிக்க நூறு வருஷம். செண்பகராமன் பிள்ளையை அந்தக் கப்பலிலேயே ஏற்றிவிட்டார்கள் நம்மவர்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காகக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார்; இருந்தாலும் சென்னையில் குண்டு விழுகிறபோது ஒரு தமிழன் அந்தப் பக்கம் நிற்காமல் இருக்கலாமா என்று நம் கதைசொல்லிகளுக்கு மனசு கேட்கவில்லை. எம்டனை அதே வருஷம் நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்து நொறுக்கியது. கப்பல் போனது, பேர் போகவில்லை. ஜெர்மனியில் அது ஓர் ஊர்ப்பெயர். நம்மிடம் வந்ததும் பண்புப்பெயர் ஆகிவிட்டது. எமகாதகன், கண்டிப்பான அப்பா, மாட்டாத கில்லாடி, எல்லோரும் எம்டன். மலையாளத்தில் யமண்டன் என்று பருத்துப்போனதும் இதுதான் என்பார்கள். 2006-ல் எம்டன் மகன் என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று அறிவிப்பு வந்தது. எம்டன் தமிழா? இல்லையாம். கடைசியில் படம் 'எம் மகன்' என்று வந்தது. முழுசாகத் தொண்ணூற்றிரண்டு வருஷம் நம் வாயில் புரண்ட சொல்லுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. பீரங்கியால் ஆகாததை வரி இலாகா சாதித்தது: எம்டனின் பாதியைத் துண்டித்தது.

அந்த வாரக் கடைசியில் காசிமேட்டான் என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் தாத்தா கட்டுமரக் காலத்து ஆள். ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மீன் கிடைத்த இடத்துக்கு மறுநாளும் எப்படிச் சரியாகப் போவீர்கள் என்று கேட்டேன். வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வலது கையை நேராக நீட்டினார், முஷ்டியை மடக்கினார், ஒரு கண்ணை மூடினார்.

"கரைல ஒரு அடையாளம் வெச்சிக்கணும். கோயிலு, கோபுரம், சிம்னி, எதுனா. இன்னொன்னு அந்தாண்ட வெச்சிக்கணும். நடுவுல எத்தினி குத்து கீதுன்னு பாரு. மறுநாளு அதே குத்து வர்ற வரிக்கும் போ."

நீட்டிய கையின் முஷ்டி அகலம் ஏறக்குறைய பத்து டிகிரி. 36.87 என்றால் மூன்றரை குத்துக்குக் கொஞ்சம் மேல். லாம்ப்டனின் அரை டன் பித்தளையை இவர் தோளிலேயே மாட்டியிருக்கிறார். கயிறு அறுந்து விழவும் விழாது.

"தாத்தா, உன் குத்து பெர்சு. என் குத்து சின்னது. எனக்குத் தப்பா வராதா?"

"உன் கையும் குட்டைதானடா."

வாத்தியார் நான். முஷ்டி சின்னதானால் கையும் குட்டை, விகிதம் அதேதான், கோணம் மாறாது என்று இரண்டு பலகை நிறைய எழுதியிருப்பேன். பெரியவர் வலையை எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

பையன் அலைச்சுவர் மேல் ஏறினான். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி, தெற்கே துறைமுகத்துக் கிரேன். கையை நீட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு முஷ்டிக்குப் பக்கத்தில் அடுத்த முஷ்டியாக நகர்த்த ஆரம்பித்தான். ஒன்று, ரெண்டு, மூணு. எட்டாவதில் உடம்பைத் திருப்பவேண்டியிருந்தது. ஒன்பது தாண்டியதும் என்னைப் பார்த்தான்.

"சார், தொண்ணூறு தாண்டிச்சி. கிரேன் இன்னும் வர்ல."

"விரிகோணம். கரையிலதானே நிக்கிறே."

"அப்ப சாய்வுல போட்டா மார்க் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி திரும்பினான். பத்து, பதினொண்ணு. பின்னால் மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. துள்ளி ஓரமாக நின்றான். வண்டி போனதும் எந்தக் குத்தில் விட்டோம் என்று மறந்துபோய், புகைபோக்கியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.